பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா

புதுக்கோட்டைச் சீமையிலுள்ள சித்தன்னவாசல் குன்றின்மேல், ஏழடிப்பட்டம் என்னும் குகையில் 17 கற்படுக்கைகள் உள்ளன. தலையணையும் கல்லே. அங்குத் துயின்ற சமண முனிவர்க்கு உடைமை என்று சொல்லத்தக்கது அதிகம் இருந்திராது. அதே குன்றின் மேற்குச் சரிவிலுள்ள அறிவர் கோயிலின் விதானத்திலோ, தாமரைத் தடாகம் ஒன்று அழகுற வண்ணந்தீட்டப் பெற்றுள்ளது. மனிதனுக்கு எவ்வளவு வேண்டும், எதற்குச் செலவிடுதல் தகும் என்னும் வினா நம் நாட்டிற்குப் பழையது. துறவறத்தார்க்குரியதாய்த் தோன்றும் இவ்வினாவை, கடைக்குச் செல்லும் ஒவ்வொருவர்க்கும் உரிய பொருளியல் வினாவாகச் சென்ற நூற்றாண்டில் எழுப்பியவர் ஜோசப் செல்லத்துரை குமரப்பா.

இவர் 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். இளமையில் இவருக்கு வழங்கிய பெயர் கொர்னேலியஸ் என்பது. குமரப்பா என்னும் குடும்பப் பெயரைப் பின்னாளில் மேற்கொண்டார். லண்டனிற் கணக்குத் தணிக்கைத் தொழிலைக் கற்று, 1919இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் நன்கு பொருளீட்டினார். உடையும் பழக்கமும் முற்றும் மேனாட்டு முறையாகவே இருந்தன.

1927இல் அமெரிக்கா சென்ற அவர், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகத்திற் பட்டம் பெற்று, பின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதி பயின்றார். இந்தியரின் வறுமைக்கும் ஆங்கில ஆட்சியின் வரவு செலவிற்கும் உள்ள தொடர்பை அங்கே ஆராயத் தொடங்கியதே அவர் வாழ்வின் திருப்பம். அவ்வாராய்ச்சியுடன் 1929 மே மாதத்திற் சபர்மதி ஆசிரமத்திற் காந்தியடிகளைக் கண்டார். அடிகள் அதனைத் தம் இதழில் வெளியிட இசைந்ததோடு, குஜராத்தின் மாதர் தாலுகாக் கிராமங்களின் பொருள் நிலையை ஆராயும் பணியையும் அளித்தார். பம்பாய் வருமானம் அத்துடன் முடிந்தது. 1934இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளரானார்.

பொருளியல் வகுப்பில் நாம் முதலிற் கற்பது யாது? நுகர்வோன் தன் வருவாயையும் பண்டங்களின் விலையையும் நோக்கி, எதில் இடும் கடைசி ரூபாயும் ஒத்த பயனைத் தருமாறு செலவைப் பங்கிடுகிறான் என்பதே. குமரப்பா இக்கணக்கை அறியாதவரல்லர். கணக்கே அவர் தொழில். ஆயினும், விலைச் சீட்டில் எழுதப்படாத செலவை யார் கொடுக்கின்றனர் என்று அவர் கேட்டார். ஒரு கிண்ணம் கோக்கோவை எடுத்துக்காட்டாகக் கொண்டார். அக்கொட்டை ஆப்பிரிக்கக் கரையில் எத்தகைய கட்டாய உழைப்பால் விளைந்தது, எந்தக் கடற்படையின் வலிமையால் காக்கப்பட்ட வழியில் வந்தது என்று பின்னோக்கிப் பார்க்கச் சொன்னார். பருகுவோன் அறியாவிடினும் அக்கொடுமையில் அவனுக்குப் பங்குண்டு என்பது அவர் துணிபு. திருட்டுப் பொருளை மலிவாய் வாங்கியவன் விலை கொடுத்தேன் என்று கூறித் தப்ப இயலுமோ? அண்டைக் கிராமத்தான் செய்த பொருளாயின் அதன் வரலாற்றை நேரே விசாரித்தறியலாம்; உள்ளூர்ப் பண்டத்தை அவர் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயர்ந்த வாழ்க்கைத் தரம், தாழ்ந்த வாழ்க்கைத் தரம் என்னும் வழக்கையும் அவர் ஏற்றிலர். எளியது, சிக்கலானது என்றே பிரித்தார். நாணற் பேனாவால் எழுதுவோன் விலையுயர்ந்த ஊற்றுப் பேனாவால் எழுதுவோனினும் தாழ்ந்தவனாகான். எளிமை என்றால் அழகின்மை என்று அவர் கருதவில்லை. சித்தன்னவாசலின் தாமரைத் தடாகம் அவருக்கு உவப்பாகவே இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

இங்கு ஒரு தடை எழும். அரைவயிற்றுக் கூலியாளை நோக்கி, மலிவான ஆலைத்துணியை விடுத்துக் கதரை வாங்கு என்பது எங்ஙனம்? அவனுக்குத் தெரிவு ஏது? இத்தடை வலியுடையது, குமரப்பாவின் நூல்கள் இதனை முற்றும் நீக்கிவிட்டன என்று கூறுதற்கில்லை. ஆயின் வாங்குவோனே நூற்பவனாகவும் இருப்பின் கணக்கு மாறும் என்பது அவர் விடை. வசதியுடையார்க்கோ இச்சாக்கு இல்லை.

1942 இயக்கத்தையொட்டிச் சிறைப்பட்டபோது, நிலைபேறுடைய பொருளாதாரம் பற்றியும் இயேசுவின் போதனை பற்றியும் இரு நூல்களை எழுதினார். அவற்றுள் முன்னது, இரைகொல்லும் புலி முதல் கூட்டாய் உழைக்கும் தேனீ, குஞ்சைப் பேணும் தாய்ப்பறவை ஈறாக உயிர்களின் வாழ்முறையைக் கொண்டு மனிதப் பொருளாதாரங்களை வகைப்படுத்துகிறது. விடுதலைக்குப் பின் பெருந்தொழில் திட்டங்களைக் கண்டித்தமையால், ஆட்சியாளர்க்கு அவர் சொல் கசந்தது.

மணம் புரியாத அவர், இறுதி ஆண்டுகளை மதுரைச் சீமையில் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்திற் கழித்தார். 1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், மதுரையிற் காலமானார்.