நொச்சி ஒத்தடமும் கர்னல் சோப்ராவும்

முழங்கால் வலி என்றால் வேலியோர நொச்சியைப் பறித்து, வதக்கி ஒத்தடம் கொடுப்பது நம் காளையார்கோவில் பக்கம் வழக்கம். உங்கள் வீட்டிலும் உண்டுதானே? கூடவே முடக்கத்தான் தோசை. இதெல்லாம் வலிக்கு உண்மையிலேயே கேட்கிறதா, இல்லை நம் மனத்திருப்தியா?

நம் நாட்டுப் பச்சிலைகளைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டவர் கர்னல் ராம்நாத் சோப்ரா. 1882-இல் குஜ்ரன்வாலாவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்தவர். 1921-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரானார்.

செடி எது என்று முதலில் உறுதி செய்வார். (ஒரே பெயரில் நாலு செடி விற்பது அன்றும் உண்டு!) பிறகு சத்தைப் பிரித்து, விலங்குகளிடம் பார்த்து, கடைசியில்தான் நோயாளிக்கு. 1933-இல் அவர் குழு சர்ப்பகந்தாவை ரத்த அழுத்தத்துக்கு ஆராய்ந்தது. பேர்பெற்ற பல மூலிகைகள் தேறவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார். ஏழைக்கு விலை குறைந்த உள்நாட்டு மருந்து கிடைக்க வேண்டும் என்பதே அவர் கவலை. கலப்பட மருந்துகளை விசாரித்த 1930-ஆம் ஆண்டுக் குழுவுக்கும் அவரே தலைவர். அதன் தொடர்ச்சிதான் 1940 மருந்துச் சட்டம். 1973-இல் மறைந்தார்.

நம் நொச்சி? இலங்கை ஆய்வாளர்கள் 2003-இல் அதன் இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; வீக்கமும் வலியும் குறைந்தன. சோப்ரா இருந்திருந்தால் அடுத்து மருத்துவமனைக்குப் போயிருப்பார்.