2100 வரை தேதி தவறாத வாட்ச்... 32 வயதில் நாடு இழந்த மன்னர்! யார் இந்த எகிப்தின் ஃபரூக்?

2021 மார்ச் மாதம் துபாயில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில், வெறும் 35 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு பழைய கைக்கடிகாரம் 9 லட்சத்து 12 ஆயிரத்து 500 டாலருக்கு விலைபோனது. அன்றைய நம்மூர் மதிப்பில் சுமார் ஆறரை கோடி ரூபாய். தங்கத்தின் எடைக்காகக் கிடைத்த விலை இல்லை இது. வாட்ச்சின் பின்பக்கத்தில் பொறித்திருந்த எகிப்து ராஜ கிரீடமும், பிறை நட்சத்திரமும், ஆங்கில 'எஃப்' எழுத்தும்தான் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தன.

அந்த 'எஃப்', எகிப்தை ஆண்ட மன்னர் ஃபரூக். உலகத்திலேயே அருமையான வாட்ச்சுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். தன்னுடைய நேரம் முடியப் போவது மட்டும் அவருக்குத் தெரியாமலே போனது.

16 வயதில் மன்னர்

1920 பிப்ரவரி 11-ல் கெய்ரோவில் பிறந்தார் ஃபரூக். தந்தை ஃபுவாத். 'எஃப்' எழுத்து தன் குடும்பத்துக்கு ராசியானது என்று நம்பியவர் அவர். அதனால் பிள்ளைகள் எல்லோருக்குமே அந்த எழுத்தில்தான் பெயர். மகனும் அதே வழியில் போனார். 1938-ல் ஃபரூக் மணந்த பெண்ணின் பெயர் சஃபினாஸ். கல்யாணத்தோடு அந்தப் பெயர் ஃபரீதா ஆனது. பிறந்த மூன்று மகள்களும் ஃபெரியால், ஃபவ்சியா, ஃபாதியா!

வாட்ச் ஆசையும் அப்பாவிடமிருந்து வந்ததுதான். எகிப்தில் வாழ்ந்த சுவிட்சர்லாந்து மக்கள் 1929-ல் ஃபுவாத்துக்குக் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? வாஷெரோன் கான்ஸ்டன்டின் நிறுவனம் செய்த, காலண்டரும் மணியோசையும் கொண்ட தங்க பாக்கெட் வாட்ச். அந்த மாதிரிப் பொருட்களைப் பார்த்தே வளர்ந்தவர் ஃபரூக்.

இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1936 ஏப்ரலில் தந்தை இறந்தார். ஃபரூக் ஊர் திரும்பியபோது வயது 16. இளம் மன்னரைப் பார்க்க மக்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டார்கள். நாட்டுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றே பலரும் நம்பினார்கள்.

அரண்மனையைச் சுற்றிய டாங்கிகள்

ஆனால் எகிப்தில் உண்மையான அதிகாரம் பிரிட்டன் கையில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1942 பிப்ரவரி 4 அன்று கெய்ரோவின் அப்தீன் அரண்மனையை பிரிட்டிஷ் டாங்கிகள் சூழ்ந்தன. பிரிட்டிஷ் தூதர் மைல்ஸ் லாம்ப்சன் நேராக உள்ளே வந்து, தாங்கள் சொல்பவரைப் பிரதமராக்க வேண்டும், இல்லாவிட்டால் முடி துறக்க வேண்டும் என்று நெருக்கினார். 21 வயது மன்னர் பணிந்தார்.

அந்த அவமானத்தை எகிப்தின் இளம் ராணுவ அதிகாரிகள் மறக்கவே இல்லை. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மன்னரைப் பற்றி வெளியே பேசப்பட்டதெல்லாம் சூதாட்டம், விருந்து, கார்கள், சேகரிப்பு என்றே இருந்தது. நாணயம், தபால்தலை, கண்ணாடிக் கலைப்பொருட்கள், நகை, கடிகாரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவித்தார். பிக்பாக்கெட் அடிக்கக் கற்றுக்கொண்டு, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் வாட்ச்சையே அவர் எடுத்துவிட்டார் என்றுகூட ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அவரது வாட்ச் ஆசையை ஊரே எப்படிப் பார்த்தது என்பதற்கு அந்தக் கதை போதும்.

அப்படி என்ன இருக்கிறது அந்த வாட்ச்சில்?

துபாயில் ஏலம் போனது சுவிட்சர்லாந்தின் படேக் பிலிப் நிறுவனத்தின் 1518 என்ற மாடல். ஃபரூக்கின் வாட்ச் 1944-ல் தயாரானது. மேலே இரண்டு சின்ன ஜன்னல்களில் கிழமையும் மாதமும் தெரியும். கீழே தேதி, நடுவில் நிலவின் வளர்பிறை தேய்பிறை. போதாததற்கு ஒரு ஸ்டாப் வாட்ச்சும் உண்டு.

இதில் பெரிய வித்தை தேதிதான். சாதாரண வாட்ச் எல்லா மாதத்துக்கும் 31 நாள் என்றே நினைத்துக்கொள்ளும். 30 நாள் மாதம் முடிந்ததும் நாம்தான் திருகிச் சரிசெய்ய வேண்டும். 1518-க்கு அந்தத் தேவை இல்லை. உள்ளே நான்கு வருஷத்துக்கு ஒரே ஒரு சுற்று சுற்றும் சின்ன உலோகத் தகடு இருக்கிறது. நான்கு வருஷத்தின் 48 மாதங்களும் அதன் விளிம்பில் அடங்கியிருக்கும். 31 நாள் மாதத்துக்கு மேடு, 30 நாள் மாதத்துக்கு லேசான பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம். லீப் வருஷ பிப்ரவரிக்கு மட்டும் ஆழம் கொஞ்சம் குறைவு. அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே நகரும் ஒரு நெம்புகோல், மாதக் கடைசியில் எத்தனை நாள் தாண்ட வேண்டும் என்பதைப் பள்ளத்தின் ஆழத்தை வைத்தே தெரிந்துகொள்ளும். பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. எல்லாமே பல்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான்.

ஒரே நிபந்தனை, தினமும் மறக்காமல் சாவி கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் 2100 பிப்ரவரி 28 வரை தேதியைத் தொடவே வேண்டாம். நான்கால் வகுபட்டாலும் 2100 லீப் வருஷம் கிடையாது. அது அந்தத் தகட்டுக்குத் தெரியாது. அன்று மட்டும் மனிதக் கை தேவை.

1941-ல் அறிமுகமாகி 1954 வரை இந்த மாடலில் 281 வாட்ச்சுகள்தான் செய்யப்பட்டன. நிரந்தரக் காலண்டரையும் ஸ்டாப் வாட்ச்சையும் ஒரே கைக்கடிகாரத்தில் சேர்த்து, வரிசையாகத் தயாரித்து விற்றது உலகிலேயே இதுதான் முதல்முறை. சேகரிப்பாளர்கள் இதற்காகப் போட்டி போடக் காரணம் அதுதான். பெரும்பாலும் தங்கத்தில் வந்த இந்த மாடலில் ஸ்டீல் வாட்ச்சுகள் நான்கு மட்டுமே இருப்பதாகத் தெரியும். அதனால் தங்கத்தைவிட ஸ்டீலுக்கு விலை அதிகம்! அவற்றில் ஒன்று 2016-ல் ஜெனீவாவில் 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது.

மாலை 6 மணிக்குள் கிளம்பு!

மன்னர் சேர்த்துக்கொண்டே போக, நாடு கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. 1948-ல் இஸ்ரேலுடனான போரில் தோல்வி. மட்டமான ஆயுதங்களைக் கொடுத்து சிப்பாய்களைச் சாக விட்டார்கள் என்ற கோபம் ராணுவத்துக்குள் கொதித்தது. அதே ஆண்டில் மக்களுக்குப் பிடித்த ராணி ஃபரீதாவையும் விவாகரத்து செய்தார். 1951-ல் நரிமானை மணந்தார். 1952 ஜனவரியில் ஆண் வாரிசு பிறந்த சில நாட்களிலேயே, பிரிட்டனுக்கு எதிரான கலவரத்தில் கெய்ரோ நகரம் பற்றி எரிந்தது.

ஜூலை 23 அன்று நாஸர், நகீப் உள்ளிட்ட ராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். ஜூலை 26 அன்று மன்னருக்கு வந்த கெடு இதுதான்: நண்பகலுக்குள் முடி துறக்க வேண்டும், மாலை 6 மணிக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும். அத்தனை வாட்ச்சுகள் வைத்திருந்தவருக்கு நேரம் குறித்தது ராணுவம். அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்தில் 21 குண்டுகள் முழங்க, மஹ்ரூசா கப்பலில் கிளம்பினார். 1879-ல் அவருடைய தாத்தா இஸ்மாயில் நாடு கடந்து போனதும் இதே கப்பலில்தான். அப்போது ஃபரூக்குக்கு வயது 32.

சேர்த்ததெல்லாம் என்ன ஆனது?

1954-ல் புதிய அரசு அவரது சேகரிப்புகளை கெய்ரோவின் குப்பா அரண்மனையில் ஏலம் விட்டது. நாணயங்களும் பதக்கங்களும் மட்டுமே 8,500-க்கு மேல். அமெரிக்காவின் 1933 தங்க டபுள் ஈகிள் நாணயமும் பட்டியலில் இருந்தது. அமெரிக்கா திருப்பிக் கேட்டதும் அது ஏலத்திலிருந்து விலக்கப்பட்டு, காணாமலும் போனது. 1996-ல் நியூயார்க்கில் தலைகாட்டிய ஒரு டபுள் ஈகிள், ஃபரூக்கிடம் இருந்ததாகச் சொல்லப்பட்ட அதே நாணயம் என்ற பெயரில் 2021-ல் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு விலைபோனது.

பழைய வாட்ச் சந்தையில் இன்றும் முதலில் எழும் கேள்வி, இது யார் கையில் இருந்தது என்பதுதான். இயந்திர எண், நிறுவனத்தின் பழைய பதிவேடு, பின்பக்க முத்திரை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஃபரூக்கின் முத்திரை இருந்தால் ஒரு வரலாறே கூட வருகிறது என்று அர்த்தம். மக்களின் கோபத்துக்கு ஆளான அதே ஆடம்பரம், இன்று விலையைக் கூட்டும் அடையாளமாகிவிட்டது.

1965 மார்ச் 18 அன்று ரோம் நகர உணவகம் ஒன்றில், சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே ஃபரூக் சரிந்து விழுந்து இறந்தார். வயது 45. உடல் கெய்ரோவுக்கு வந்தது. இப்போது அல் ரிஃபாய் மசூதியில், தந்தை ஃபுவாத் இருக்கும் அதே இடத்தில் அடக்கமாகியிருக்கிறார். அவரது 1518 இன்னொருவர் கையில் இருக்கிறது. நின்றுபோன வாட்ச்சுக்குச் சரியான தேதியை வைத்துச் சாவி கொடுத்தால் போதும், 2100 வரை கணக்குத் தவறாமல் ஓடும்.