மகனைத் திரையில் மட்டும் பார்த்த தந்தை

1955இல் வெளிவந்த ‘ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்’ படத்தைச் சாதாரணக் காதல் கதை என்றுதான் பார்க்கத் தொடங்கினேன். கணவரை இழந்த கேரி, தம்மைவிட இளையவரான தோட்டக்காரரை விரும்புகிறார். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிய பிள்ளைகள் எதிர்க்கிறார்கள். பிறகு, தாயின் தனிமைக்குத் துணையாகத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. அணைந்திருக்கும் அதன் திரையில் கேரியின் முகம் தெரிகிறது. எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்தப் படத்தின் இயக்குநர் டக்ளஸ் சர்க் 1897இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் பிறந்தவர். மணமுறிவுக்குப் பின், நாஜி கட்சியில் சேர்ந்த முதல் மனைவி, மகன் கிளாவுஸை அவர் சந்திக்கவே விடவில்லை. மகனோ குழந்தை நட்சத்திரமானான். திரையரங்கில் மட்டுமே தந்தையால் அவனைப் பார்க்க முடிந்தது. இரண்டாவது மனைவி யூதர் என்பதால் 1937இல் சர்க் நாட்டைவிட்டு வெளியேறினார். 1944இல் மகன் போர்முனையில் மாண்டான்.

1959க்குப் பின் ஹாலிவுட்டை விட்டு விலகிய சர்க், 1987இல் சுவிட்சர்லாந்தில் காலமானார்.

அவர் படங்களில் மனிதர்கள் கண்ணாடிக்குள்ளும் சன்னலுக்குப் பின்னாலும் அடைபட்டே தெரிவார்கள். அதை வெறும் அழகு என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.