ரெபெக்கா கிராட்ஸ் அம்மையார்

பசித்தவனுக்கு அன்னமிடுவது தர்மம். ஆனால் அன்னமிடும் கை அதற்கு விலையாக அவனுடைய தெய்வத்தைக் கேட்குமானால், அதைத் தர்மம் என்று சொல்ல நாம் கூசுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து யூத ஸ்திரீகளுக்கு இந்தச் சங்கடம் நேர்ந்தது. அவர்கள் அயலாரைத் தூற்றவில்லை. விதியை நொந்து வீட்டில் முடங்கவுமில்லை. தங்கள் ஏழைகளைத் தாங்களே காப்பதென்று உறுதிகொண்டு சங்கம் கண்டார்கள். அந்த ஊழியத்துக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தலைமை வகித்த ரெபெக்கா கிராட்ஸ் அம்மையாரின் சரிதம், பொதுக்காரியத்தில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியதென்பது நமது எண்ணம்.

அம்மையார் 1781-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 4-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் மைக்கேல் கிராட்ஸ், ஐரோப்பாவிலுள்ள ஸைலீஷியாப் பிரதேசத்திலிருந்து 1759-இல் அமெரிக்காவில் குடியேறிய வியாபாரி. தாயார் மிரியம் அம்மையாரும் பெயர்பெற்ற வணிகர் குடும்பத்தில் தோன்றியவர். 1765-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு முத்திரை வரி விதித்தபோது, பிலடெல்பியா வர்த்தகர்கள் இங்கிலாந்துச் சரக்குகளை இறக்குமதி செய்வதில்லை என்று பிரதிக்ஞை செய்து கையொப்பமிட்டார்கள். அந்தப் பத்திரத்தில் மைக்கேலும் அவருடைய தமையனார் பெர்னார்டும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். லாபத்தைவிட நாட்டின் மானம் பெரிதென்று கருதிய வீட்டில் பிறந்து வளர்ந்த பெண் ரெபெக்கா. பன்னிரண்டு மக்களில் அவர் ஏழாமவர்.

செல்வமும் கல்வியும் அழகும் ஒருங்கே வாய்த்த அந்த யுவதி, நகரத்துப் பிரமுகர் வீடுகளில் பெரிதும் மதிக்கப்பட்டார். எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் அவருடைய நண்பர்களில் ஒருவர். இர்விங்குக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மாடில்டா ஹாப்மன் என்ற பெண் நோயுற்று 1809-இல் மரணமடைந்தபோது, தோழியாக அருகிலிருந்து சிசுருஷை செய்தவர் ரெபெக்கா. பின்னர் 1817-இல் இர்விங் ஸ்காட்லாந்து சென்று ஸர் வால்டர் ஸ்காட்டைக் கண்டார் என்றும், அவர் சொன்ன வரலாற்றைக் கேட்டே ஸ்காட் தமது ஐவன்ஹோ நாவலில் ரெபெக்கா என்னும் யூதப் பெண்ணைப் படைத்தார் என்றும் ஒரு கர்ண பரம்பரை உண்டு. சந்திப்பு உண்மை, மற்றது நிரூபணமாகவில்லை. கிறிஸ்தவர் ஒருவரை நேசித்தும் மதத்தின் பொருட்டு மணம் மறுத்தார் என்ற கதையும் அவ்வகையைச் சேர்ந்ததே. அம்மையார் மணம் புரிந்துகொள்ளவில்லை என்பது மட்டும் நிச்சயம். நாவலின் நிழல் அவருடைய உண்மையான பெருமையை மறைத்துவிட்டதென்றே நாம் கருதுகிறோம். கற்பனைப் பெண் புகழ் பெற்றாள். கணக்குப் புத்தகமும் சந்தாப் பட்டியலும் கையில் கொண்டு உழைத்த பெண்ணைப் பலர் மறந்தனர்.

அவருடைய பொது ஊழியம் 1801-இல், இருபதாவது வயதில் தொடங்கிற்று. நிலை தாழ்ந்த குடும்பங்களின் மாதர்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ, அந்த வருஷம் பிலடெல்பியாவில் பெண்கள் சங்கமொன்று தோன்றியது. கிறிஸ்தவ ஸ்திரீகளும் யூத ஸ்திரீகளும் அதில் சேர்ந்து உழைத்தனர். தாயாரும் ஒரு சகோதரியும் அங்கத்தினராக, ரெபெக்கா காரியதரிசியானார். 1815-இல் நகரத்து அநாதாச்ரமத்தை நிறுவியவர்களிலும் அவர் ஒருவர். 1819 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதன் காரியதரிசியாக இருந்தார். 1822-ஆம் வருஷத் தொடக்கத்தில் அந்த ஆச்ரமம் தீப்பற்றி எரிந்து, இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அந்தத் துயரத்துக்குப் பின்னும் நிர்வாகிகள் மனந்தளரவில்லை. பொதுமக்களிடம் பொருள் திரட்டிக் கட்டிடத்தை மீண்டும் எழுப்பினர்.

இவ்வளவும் எல்லா மதத்தினரும் கூடிச் செய்த ஊழியம். பிறகு யூதர்களுக்கென்று தனிச் சங்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அக்காலத்தில் அமெரிக்கக் கிறிஸ்தவ சமூகத்தில் மதப் பிரசார வேகம் மிகுந்திருந்தது. ஏழை வீட்டுக்கு விறகும் ரொட்டியும் கொண்டுசென்ற பல தர்ம சங்கத்தார் கூடவே மதப் பிரசுரங்களையும் கொண்டுசென்றனர். குளிர்காலத்தில் அடுப்பெரிக்க வழியில்லாத விதவை, உதவியை ஏற்றால் மூதாதையர் மதத்துக்கு ஆபத்து, மறுத்தால் குழந்தைகளுக்கு ஆபத்து என்று தவித்தாள். அவளை அந்தத் தவிப்பிலிருந்து விடுவிப்பதே அம்மையாரின் நோக்கம்.

மிக்வே இஸ்ரேல் என்பது அந்நகரத்து யூதர்களின் பழைய ஜெபாலயம். அதைச் சேர்ந்த ஸ்திரீகளைத் திரட்டி, 1819-இல் எபிரேய மாதர் தர்ம சங்கத்தை அம்மையார் ஸ்தாபித்தார். அமெரிக்காவில் ஜெபாலய நிர்வாகத்தின் கீழ் அடங்காமல் சுயேச்சையாக எழுந்த முதல் யூத தர்ம ஸ்தாபனம் இதுவே. சங்கத்துப் பெண்கள் ஏழைகளுக்கு உணவு, உடை, விறகு, இருப்பிடம் ஆகியவற்றுக்கு உதவினர். வேலை தேடுவோருக்கு வேலை கிடைக்கவும் வழி செய்தனர். விவாகமான ஸ்திரீயின் சொத்து புருஷனுக்கே உரியதென்று அந்த ராஜ்யத்தின் சட்டம் சொல்லிய காலம் அது. அந்தச் சட்டம் 1848-இல்தான் திருத்தப்பட்டது. அத்தகைய காலத்தில் ஸ்திரீகள் தாங்களே பணம் வசூலித்து, தாங்களே கமிட்டி கூடி, தாங்களே கணக்கு எழுதி ஒரு ஸ்தாபனத்தை நடத்தியது சாமானிய காரியமன்று. இந்தச் சங்கத்துக்கும் அம்மையாரே பல்லாண்டுகள் காரியதரிசி.

இதற்கிடையில் வீட்டுப் பாரமும் அவரையே சார்ந்தது. 1823-இல் தங்கை ரேச்சல் இறந்தபோது, தாயற்ற அக்குழந்தைகளை அம்மையார் தம் வீட்டில் வைத்து வளர்த்தார். மணமாகாத சகோதரர்களும் அவ்வீட்டிலேயே இருந்தனர். தாம் பெறாத பிள்ளைகளுக்குத் தாயானவர், நகரத்துப் பிள்ளைகள் அனைவரையும் நினைத்ததில் வியப்பில்லை.

வயிற்றுப் பசி தீர்ந்தால் போதாது, அறிவுப் பசிக்கும் வழி வேண்டுமென்று அவர் உணர்ந்தார். தம் மதத்தின் சாரம் இன்னதென்று அறியாத குழந்தை, பிறர் கேட்கும் முதற் கேள்வியிலேயே தலைகுனியும். ஆகவே 1838-ஆம் வருஷம் மார்ச்சு 4-ஆம் தேதி, தம்முடைய ஐம்பத்தேழாவது பிறந்த நாளாகிய ஞாயிற்றுக்கிழமையன்று, எபிரேய ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலையைத் திறந்தார். முதலில் சுமார் 50 குழந்தைகள் சேர்ந்தனர். சம்பளம் கிடையாது, ஆண் பெண் இருபாலாரும் படித்தனர், பாஷை ஆங்கிலம். கற்பித்தவர்கள் ஊதியம் பெறாத ஸ்திரீகள். யூதப் பெண்கள் பொதுவில் மத போதனை செய்யும் உரிமை பெற்றது இங்கேதான். மிக்வே இஸ்ரேலின் ஆசாரியரான ஐசக் லீஸர் இம்முயற்சிக்கு உறுதுணையாக நின்றார்.

தொடக்கத்தில் யூதக் குழந்தைகளுக்கேற்ற பாட புஸ்தகங்கள் இல்லை. அம்மையார் கிறிஸ்தவப் பாடசாலைகளின் புஸ்தகங்களையே வாங்கி, ஒவ்வாத பகுதிகளின் மேல் காகிதம் ஒட்டி மறைத்துக் கொடுத்தார். சாதனம் இல்லையென்று காரியத்தை ஒத்திப்போடுவோர் இந்த ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொள்வது நலம். விரைவில் லீஸரும், பாடசாலை ஆசிரியைகளான பிக்ஸோட்டோ சகோதரிகளும் சொந்தப் பாட நூல்களை எழுதினர். சார்ல்ஸ்டன் முதலிய நகரங்களிலும் இதைப் பின்பற்றிப் பாடசாலைகள் எழுந்தன. பிலடெல்பியாப் பாடசாலைச் சங்கம் நூறாண்டுக்கு மேல் நடைபெற்றது.

அநாதைக் குழந்தைகளின் விஷயம் எஞ்சியிருந்தது. ஜெர்மானியப் பிரதேசங்களிலிருந்து ஏழை யூதர்கள் திரளாக வந்திறங்கிய காலம் அது. பெற்றோரை இழந்த குழந்தை பிற மதத்தார் விடுதியில் சேர்ந்தால் தன் குலத்தாருக்கு அந்நியமாகிவிடும். இதை எடுத்துக்காட்டி 1850-இல் தம் பெயர் வெளியிடாமல் லீஸரின் பத்திரிகையில் அம்மையார் எழுதினார். 1855-இல் யூதக் குழந்தைகள் விடுதி ஸ்தாபிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு.

முதுமையில் ஒரு பெருந்துயரம் வந்தது. 1861-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது, கெண்டக்கியிலிருந்த தம்பி பெஞ்சமினுடைய மகன் ஐக்கிய நாட்டுப் படையில் சேர்ந்து வில்ஸன் ஓடைப் போரில் உயிர் துறந்தான். அதே போர்க்களத்தில் பெஞ்சமினுடைய இரண்டாம் மனைவியின் முந்தைய விவாகத்துப் பிள்ளை எதிர்ப்படையில் நின்றான். நாடு பிளந்தபோது அந்தக் குடும்பமும் பிளந்தது. ஆயினும் அம்மையார் 1864 வரை பாடசாலையின் தலைமையை விடவில்லை. 1869-ஆம் வருஷம் ஆகஸ்டு 27-ஆம் தேதி, எண்பத்தெட்டாவது வயதில் காலமானார். மிக்வே இஸ்ரேல் மயானத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் எல்லாத் துறையிலும் முன் நின்றவரென்று நாம் புகழ வரவில்லை. பாடசாலை திறந்த அதே 1838-இல், அதே நகரத்தில், அடிமை ஒழிப்பாளர் எழுப்பிய பென்ஸில்வேனியா மண்டபத்தை வெறிக்கூட்டம் கொளுத்தியது. அந்தக் கிளர்ச்சியிலோ பெண்ணுரிமைக் கிளர்ச்சியிலோ அம்மையார் முன்னணியில் நிற்கவில்லை. அவர் தேர்ந்துகொண்ட வயல் சிறியது. ஆனால் அதை ஆண்டுதோறும் தவறாமல் உழுதார்.

நாம் கற்க வேண்டியதும் அதுவே. சங்கம் தொடங்குவது எளிது. ஆரம்ப விழாவுக்கு ஆட்களும் மாலைகளும் குறைவதில்லை. மூன்றாவது வருஷத்து அறிக்கையை எழுத ஆள் கிடைப்பதுதான் அரிது. அம்மையார் நாற்பதாவது அறிக்கைக்கும் பேனா எடுத்தவர். பொது அநாதாச்ரமத்தில் கிறிஸ்தவருடன் தோளோடு தோள் நின்றே தம் சமூகத்தின் தனிமையையும் காத்தார். தன் வீட்டு விளக்கை ஏற்றுவதற்கு அடுத்த வீட்டு விளக்கை அணைக்க வேண்டியதில்லை என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. ஊழியம் செய்ய விரும்புவோருக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி வேண்டியதில்லை.