அலன் டூரிங்: போரை வெல்ல உதவியவரைத் திருத்தப் புறப்பட்ட சட்டம்

வல்வெட்டித்துறையில் உயர்தர மாணவர்களுக்குக் கணினி படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் அலன் டூரிங்கின் பெயரைச் சொல்வேன். கணினியியலின் தந்தை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவேன். அவருடைய முடிவைச் சொன்னதில்லை.

அண்மையில் ஓர் அமெரிக்க நகைச்சுவைப் படம் பார்த்தேன். ஜேமி பாபிட் 1999இல் இயக்கியது. பெண்ணை விரும்பும் 17 வயது மாணவியைப் பெற்றோர் திருத்தும் முகாமுக்கு அனுப்புகிறார்கள். அங்கே பெண்பிள்ளைகளுக்கு ரோஸ் உடுப்பும் வீட்டுவேலைப் பயிற்சியும். பெடியங்களுக்கு நீல உடுப்பும் விறகு கொத்தும் வேலையும். நன்றாகச் சிரித்தேன்.

படம் முடிந்தபின் என்னிடம் படித்த ஒரு பெடியன் ஞாபகத்துக்கு வந்தான். அவனுடைய நடையைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தபோது நானும் சிரித்திருக்கிறேன். பிறகு, பிள்ளையைச் சரிப்படுத்த வேண்டும் என்று வீட்டார் கோயில், வைத்தியர் எனக் கொண்டு திரிந்ததாகக் கேள்விப்பட்டேன். அவன் வகுப்புக்குத் திரும்பி வரவேயில்லை.

அதனால்தான் டூரிங்கின் கதையை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

அவருடைய தாய் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள போத்தனூரில் பிறந்தவர். தந்தை சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரித்தானிய அதிகாரி. 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்த டூரிங், பெற்றோர் இந்தியாவில் இருந்ததால் சிறுவயதில் நெடுங்காலம் வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் வளர்ந்தார். 1936இல் எழுதிய கட்டுரையில் இன்றைய கணினிக்கான அடிப்படை எண்ணத்தை முன்வைத்தார்.

1939 செப்டெம்பரில் பிரித்தானியா போரில் இறங்கிய மறுநாளே பிளெட்ச்லி பார்க்கில் பணிக்குச் சேர்ந்தார். ஜேர்மன் கடற்படையின் எனிக்மா இரகசியக் குறியீட்டை உடைக்கும் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அத்திலாந்திக்கில் உணவு ஏற்றிவந்த கப்பல்களை நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம் அது. குறியீடு உடைந்தபோது கப்பல்களை வேறு பாதையில் திருப்ப முடிந்தது. கடலோடிகளின் ஊரில் பிறந்தவர்களுக்கு அதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பணி 1970கள் வரை வெளியுலகுக்குத் தெரியாது.

1952இல் அவருடைய வீட்டில் களவு போனது. பொலிசில் முறையிட்டார். விசாரணையில் இன்னோர் ஆணுடனான உறவை ஒப்புக்கொண்டார். களவு கொடுத்தவரே குற்றவாளியானார். சிறைக்குப் பதிலாக ஹோர்மோன் சிகிச்சையை ஏற்றார். ஒரு வருடம் பெண் ஹோர்மோன் கொடுத்தார்கள். மார்பு பெருத்தது. அரசின் இரகசியப் பணிகளுக்கான அனுமதியும் பறிபோனது. 1954 ஜூன் 7 அன்று சயனைட் நஞ்சால் இறந்தார். வயது 41. மரண விசாரணை அதைத் தற்கொலை என்று முடிவுசெய்தது.

2009இல் பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013இல் அரச மன்னிப்பு வந்தது. 2021இல் 50 பவுண் தாளில் அவருடைய முகம் அச்சானது. அதே 2021இல், அவர் இறந்த அதே ஜூன் 7ஆம் திகதி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவருடைய பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார். எங்கள் நாட்டிலோ, பிரித்தானியர் விட்டுச்சென்ற 365, 365அ பிரிவுகள் தண்டனைச் சட்டக்கோவையில் இன்னும் இருக்கின்றன.

செத்தபின் வரும் மன்னிப்பு யாருக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த வருட முதல் வகுப்பில் டூரிங்கின் முடிவையும் சொல்லப்போகிறேன். அந்தப் பெடியனை எங்காவது கண்டால், உயிரோடிருக்கும்போதே அவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று என்னிடமும் இருக்கிறது.