உடைந்த கட்டையில் உயிர் கண்டவர்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் வாடகை அறையில் தங்கி, தொழிற்சாலைக்குப் போய்வரும் தொழிலாளிகளுக்குச் சுவர்தான் கவலை. ஓதம் ஏறும். சுண்ணாம்பு உப்பி உதிரும். அந்தக் கறையைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். யானை மாதிரி தெரியும். தள்ளி நின்று பார்த்தால் யானை மலையாகிவிடும்! (வீட்டுக்காரர் சுவரைச் சரிசெய்து தரவேண்டும். அது வேறு விஷயம்.)

கறை படிந்த சுவரைப் பார்த்தால் மலையும் ஆறும் போர்க்களமும் தெரியும் என்று ஓவியர்களுக்கு எழுதி வைத்தார், இத்தாலி நாட்டு லியனார்டோ டா வின்சி. அவர் 1519இல் மறைந்தார். அதே மாதிரிக் கண் படைத்தவர் ஒருவர் நம் நாட்டிலும் இருந்தார். அவர்தான் அவனீந்திரநாத் தாகூர்.

பெரிய வீட்டுப் பிள்ளை

1871 ஆகஸ்டு 7ந் தேதி கல்கத்தாவில், ஜோராசாங்கோ என்ற இடத்தில் உள்ள தாகூர் மாளிகையில் பிறந்தார். மகாகவி ரவீந்திரநாத் தாகூர் இவருக்குச் சிற்றப்பா முறை. பத்து வயதில் தகப்பனாரை இழந்தார்.

முதலில் ஐரோப்பிய ஆசிரியர்களிடம்தான் ஓவியம் கற்றார். பிறகு நம் நாட்டுப் பழைய ஓவியங்களைப் பார்த்து வழியை மாற்றிக்கொண்டார்.

கல்கத்தாவில் பிளேக் நோய் பரவிய காலத்தில் இவருடைய செல்ல மகள் இறந்துபோனாள். அந்தத் துக்கத்தையெல்லாம் ஒரே படத்தில் கொட்டினார். சிறைப்பட்ட கிழ மன்னர் ஷாஜகான், சாகும் நேரத்தில் தூரத்துத் தாஜ்மகாலைப் பார்க்கிறார். காலடியில் மகள் இருக்கிறாள். இதுதான் படம். 1903இல் டெல்லிக் கண்காட்சியில் அதற்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

தண்ணீரில் போட்ட படம்

அதே 1903இல் யோகோயாமா தைக்கான் என்ற ஜப்பானிய ஓவியர் கல்கத்தா வந்தார். அவர் ஈரத் தூரிகையால் படத்தை நனைத்து நனைத்துத் தீட்டுவதை அவனீந்திரநாத் கவனித்தார். பார்த்தவர் அதோடு நிற்கவில்லை. தம் படத்தை அப்படியே தண்ணீரில் அமிழ்த்திவிட்டார்!

ஒழுகும் வீட்டில் சுவரில் மாட்டிய படம் நனைந்தால் நாம் என்ன செய்வோம்? கெட்டுப்போயிற்று என்று எடுத்து எறிவோம். இவர் நனைந்த படத்தை உலர்த்தினார். ஒட்டாத சாயம் கரைந்து போயிருந்தது. ஒட்டிய சாயம் பனிமூட்டம் போல மென்மையாக நின்றது. அதன்மேல் மறுபடி தீட்டினார். மறுபடி நனைத்தார். இதுவே அவருடைய முறையாகிவிட்டது. 1905இல் அவர் தீட்டிய பாரத மாதா படத்தைப் பாருங்கள். காவி உடுத்து நிற்கும் அந்தத் தாயைச் சுற்றி இருப்பது இந்தப் பனிமூட்டம்தான்.

நமது அரசியல் சட்ட நூலுக்குச் சித்திரம் தீட்டிய நந்தலால் போஸ் இவருடைய மாணவர். சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சவுத்ரியும் இவரிடம் கற்றவரே.

வீடு போயிற்று

அண்ணன் ககனேந்திரநாத் பெரிய ஓவியர். மாளிகையின் தெற்குத் தாழ்வாரத்தில் சகோதரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படம் தீட்டுவார்கள். 1938இல் அண்ணன் காலமானார். குடும்பத்தின் பழைய செல்வமும் கரைந்துபோயிற்று.

அப்போது அவனீந்திரநாத்துக்கு வயது எழுபதை நெருங்கியது. காய்ந்த கிளை, வேர், மூங்கில் கணு, உடைந்த கட்டை, இவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். திடீரென்று ஒரு பறவை தெரியும். அல்லது ஒரு மிருகம். செதுக்குவது கொஞ்சம்தான். இன்னொரு துண்டை ஒட்டவைத்து நிறுத்தினால் பொம்மை தயார். வர்ணமும் பூசமாட்டார்.

அவற்றுக்குக் 'குட்டும் காட்டும்' என்று பெயர் வைத்தார். வங்காளிகள் உறவுக்காரரைக் 'குட்டும்' என்பார்கள். நம் 'குடும்பம்' என்ற சொல்லுக்கும் அதற்கும் மூலம் ஒன்றே. அடுப்புக்குப் போகவேண்டிய சுள்ளி அவருக்கு உறவாகிவிட்டது!

1941இல் ரவீந்திரநாதர் மறைந்தார். அந்த ஆண்டுகளில் ஜோராசாங்கோ வீடும் கைமாறியது. பிறந்து, வளர்ந்து, தீட்டிய வீட்டைவிட்டுக் கிழவர் வெளியேறினார். நகருக்கு வடக்கே பராநகரில் ஒரு தோட்ட வீட்டில் குடியேறினார்.

அங்கேயும் மரங்கள் காய்ந்த கிளைகளை உதிர்க்கத்தான் செய்தன. குனிந்து பொறுக்கினார். 1951 டிசம்பர் 5ந் தேதி, தமது எண்பதாவது வயதில், காலமானார்.