பீங்கான் மட்டுமல்ல, தபால் தலையும்தான்! யார் இந்த பெர்சிவல் டேவிட்?

கடலூர், சிதம்பரம் பக்கம் பல வீட்டுப் பரணில் பர்மா, மலேயாவிலிருந்து வந்த பழைய கடிதங்கள் இருக்கும். அதில் ஸ்டாம்பை மட்டும் கிழிச்சு எடுக்கிறீங்களா? ஒரு நிமிஷம், இவரைத் தெரிஞ்சுக்கோங்க.

யார் இவர்?
1892ல் பம்பாயில் பிறந்தவர் சர் பெர்சிவல் டேவிட். அப்பா சசூன் டேவிட், பேங்க் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். மகனுக்கோ சீனா மேல் தீராத ஆசை. சீன மொழியையே கற்றுக்கொண்டார். பீங்கானோடு சீனத் தபால் தலைகளையும் சேர்த்தார்.

அதில் என்ன விசேஷம்?
சீனாவின் முதல் ஸ்டாம்ப் 1878ல் வந்த 'பெரிய டிராகன்'. வெளியிட்டது சுங்கத்துறை! 1894ல் பேரரசித் தாய் சிஷியின் 60வது பிறந்தநாளுக்குப் புது வரிசை வந்தது. 1897ல் நாணயக் கணக்கு மாற, பழைய ஸ்டாம்ப் மேலேயே புது விலையை அச்சடிச்சாங்க. டேவிட், அமெரிக்கர் ஜேம்ஸ் ஸ்டார் இருவரின் சேகரிப்பை வைத்தே 1894 வரிசை பற்றிப் பின்னாளில் தனிப் புத்தகம் வந்தது.

பிறகு என்ன ஆச்சு?
1964ல் லண்டனில் இறந்தார். சுமார் 1,700 பீங்கான்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. ஸ்டாம்புகளோ பல கைகளுக்குப் போய்விட்டன. ஆனாலும் ஏலத்தில் அவர் பெயர் இருந்தால் தனி மதிப்பு.

உங்களுக்கு என்ன பாடம்?
எங்கிருந்து, எப்போது, எந்த வழியாக வந்தது என்பதை உறை மேலுள்ள முத்திரைதான் சொல்லும். கிழிச்சா அந்தக் கதை போச்சு. உறையோடவே வையுங்க!